பாடம் போற்றல்: சைவ மரபில் நினைவும் கல்வியும்

எத்துணை நூல்களை ஓதினும், ஓதியவை வேண்டுங்காலத்து நினைவில் வந்து உதவாவாயின் அவ்வோத்து ஓதாமையின் வேறாகாது. நினைவில் நிறுத்துதல் ஒன்றே கல்வியாகாது என்பதும் அறிஞர் அனைவர்க்கும் உடன்பாடே. இவ்விரண்டு உண்மைகட்கும் இடையே ஒரு வழக்கு நெடுங்காலமாக நிகழ்ந்து வருகின்றது. மனப்பாடம் அறிவை மழுங்கச் செய்யும் என்று அதனை முற்றும் விலக்குவார் ஒரு சாரார்; பாட்டும் சூத்திரமும் நாவில் நின்றால் அமையும், பொருள் தானே விளங்கும் என்று அமைந்திருப்பார் மற்றொரு சாரார். தமிழ்நாட்டுச் சைவ மரபிற் கல்வி நிகழ்ந்த வரலாற்றை முறையாக நோக்குவார்க்கு, இவ்விரு சாராரும் அம்மரபின் உண்மை நெறியை உணர்ந்திலர் என்பது புலனாகும். கற்றதை உள்ளே இட்டு வைத்தலினும், இட்டு வைத்ததை ஏடு நோக்காது மீட்டும் மீட்டும் வெளிக்கொணர்தலையே முன்னையோர் பெரிதும் வற்புறுத்தினர். அதன் வரலாறும் பயனும் ஈண்டு ஆராயற்பாலன.

சித்தமும் உயிரும்

சித்தாந்த நூல்கள் அகக்கருவிகளை மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என நான்காகப் பகுக்கும். ஒரு பொருளைப் பற்றுதல் மனத்தின் தொழில்; சிந்தித்தல் சித்தத்தின் தொழில்; முனைந்தெழுதல் அகங்காரத்தின் தொழில்; இன்னதென்று துணிதல் புத்தியின் தொழில். இவற்றுள் ஒன்றும் உயிராகாது என்பதும், அமைச்சரோடு கூடிய அரசன்போல உயிர் இவற்றோடு கூடி நின்றே அறியும் என்பதும் சிவஞானபோதம் நான்காஞ் சூத்திரத்தாற் பெறப்படும். எனவே நினைவு என்பது பெட்டகத்தில் வைத்த பொருள்போல ஓரிடத்துக் கிடப்பதொன்று எனக் கொள்ளற்கில்லை. உயிர் கருவியோடு கூடித் தொழிற்படுங்கால் நிகழும் நிகழ்ச்சி அஃது. தொழிலாகலின் பயிற்சியான் வலுப்பெறும், பயிற்சியின்மையாற் குன்றும்.

கருவியின் இன்றியமையாமையை இக்கால மருத்துவமும் தெளிவாகக் காட்டியுள்ளது. 1953-ல் அமெரிக்க நாட்டிலே, வலிப்பு நோய் நீங்குதற்பொருட்டு ஒருவருக்கு மூளையின் இருபுறத்தும் உட்பகுதி சில அறுத்து நீக்கப்பட்டன. அதன்பின் அவர்க்குப் பழைய நிகழ்ச்சிகள் பல நினைவில் நின்றன. புதியன யாதும் நில்லாவாயின. சற்று முன்னர்ப் பேசிய மருத்துவரையும் அவர் அறியார். ஆயினும், கண்ணாடியில் தோன்றும் நிழலை நோக்கிக் கோடு வரையும் கைத்தொழிலை நாடோறும் பயிற்றியபோது, முன்னாட் பயின்றதே நினைவில்லாதவராய் இருந்தும், அவர் கை அத்தொழிலில் நாளுக்கு நாள் தேர்ந்து வந்தது. நினைவு ஒருவகையினதன்று என்பதும், வெவ்வேறு நினைவிற்கு வெவ்வேறு கருவிகள் உள என்பதும் இதனாற் புலப்பட்டன. உயிரைப்பற்றி அம்மருத்துவம் யாதும் கூறப் புகுந்திலது. கருவி பழுதுறின் விளக்கம் குன்றும் என்னும் அளவே அதனாற் பெறப்படுவது. அவ்வளவும் சித்தாந்தத்திற்கு உடன்பாடேயாம்.

கோயிலில் நின்ற நினைவு

திருப்பதிகங்கள் ஏட்டினும் பார்க்க நாவிலேயே பெரிதும் வாழ்ந்தன. தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் முதலாம் இராசராசன் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்வார் நாற்பத்தெண்மரை அமைத்து, உடுக்கை வாசிப்பான் ஒருவனும் கொட்டிமத்தளம் வாசிப்பான் ஒருவனுமாக ஐம்பதின்மருக்கும் ஆளொன்றுக்கு நாடோறும் முக்குறுணி நெல் வைத்தமையை அக்கோயிற் கல்வெட்டு அறிவிக்கின்றது. அக்கல்வெட்டிற் காணப்படும் ஓர் ஏற்பாடு கருதத்தக்கது. விண்ணப்பஞ் செய்வாருள் ஒருவர் இறந்தாலும் வேறு நாடு சென்றாலும், அவர்க்கு அடுத்த முறையினர் அந்நெல்லைப் பெற்று அப்பணியைச் செய்ய வேண்டும். அம்முறையினர் தகுதியிலராயின் தகுதியுடையார் ஒருவரை ஆளிட்டுச் செய்விக்க வேண்டும் என்பதே அது. பிறப்புரிமை மட்டும் அமையாது, பாடமும் வேண்டும் என்பது அரசன் கருத்து. ஒருவர் நாவில் நிற்பது அவரோடு மறையும் என்பதனை உணர்ந்தே இவ்வேற்பாடு செய்யப்பட்டது என்பது தெளிவு.

ஏடு தானும் அழியாததன்று. தில்லையில் திருமுறை ஏடுகளைச் செல் அரித்த வரலாற்றையும், எஞ்சியவற்றிற்குப் பண்முறை காணத் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் எருக்கத்தம்புலியூரிற் பிறந்த பெண்மணியார் ஒருவர் இறைவன் திருவருளால் முன்வந்த வரலாற்றையும் திருமுறைகண்ட புராணம் கூறும். இதற்கு மறுதலையாக, ஏட்டிலும் நாவிலும் தங்காது ஒழிந்த திருஞானசம்பந்தரின் திருவிடைவாய்த் திருப்பதிகம், அவ்வூர்க் கோயிற் கல்லிற் பொறிக்கப்பட்டிருந்தமையால் 1917-ல் வெளிப்பட்டது. ஏட்டில் அழிந்ததை நாவும், நாவில் அழிந்ததைக் கல்லும் காத்தன. எனவே முன்னோர் நினைவு ஒன்றனையே நம்பியிருந்தனர் என்று கூறுதல் பொருந்தாது. எழுத்தைக் காவலாக வைத்து, நினைவை வாழ்வாகக் கொண்டனர் என்றலே பொருந்துவது.

யாப்பும் சூத்திரமும் வினாவும்

நூல்களின் அமைப்பே நினைவிற்குத் துணையாக இருந்தது. எதுகையும் மோனையும் அடுத்த அடியை நாவிற்கு எடுத்துக் கொடுக்கும். அந்தாதியில் ஒரு பாட்டின் இறுதி அடுத்த பாட்டின் முதலாகலின், நூற்றொரு வெண்பாக்களையுடைய அற்புதத் திருவந்தாதியை ஓதுவான் ஒருவன் ஒரு பாட்டை முடிக்குமளவில் அடுத்தது தானே முன்வந்து நிற்கும்; இடையில் ஒன்று விடுபடின் தொடர் அறுந்து பிழை வெளிப்பட்டுவிடும். மெய்கண்ட தேவர் சித்தாந்தப் பொருள் முழுவதனையும் பன்னிரு சூத்திரங்களாக, நாற்பது அடிகளில் அடக்கினார். நாற்பதடியை நாவில் தாங்குதல் எளிது. அவற்றை விரித்துணர்தற்கு ஒரு வாழ்நாள் வேண்டும். சூத்திரம் வித்தாகவும் உரை மரமாகவும் அமைந்த முறை இது.

மெய்கண்ட நூல்களுட் சில வினாவின் வடிவில் அமைந்தமையும் நோக்கற்பாலது. அருணந்தி சிவாசாரியார் தம் ஆசிரியரை வினாவும் முறையில் இருபாவிருபஃதை இயற்றினார். உண்மைவிளக்கம் மாணாக்கன் வினாவும் ஆசிரியர் விடையுமாகச் செல்கின்றது. உமாபதி சிவாசாரியார் அருளிய வினாவெண்பா, பெயருக்கேற்ப வினாக்களாலாயது. வினா எழுந்தவிடத்து ஓதுவான் வாளா ஓதிச் செல்லலாகாது. நின்று, தான் கேட்டவற்றுள் விடையைத் தேடி எடுத்தல் வேண்டும். அத்தேடுதலே நினைவை நிலைபெறுத்தும் தொழில் என்பது பின்னர் விளங்கும்.

நன்னூல் காட்டும் அளவை

கற்கும் முறையை இலக்கணமாகவே வகுத்துரைத்தது நன்னூற் பொதுப்பாயிரம். அதனை இயற்றிய பவணந்தியார் சமணராயினும், சங்கர நமச்சிவாயர் அதற்கு உரை வகுத்தார். திருவாவடுதுறைச் சிவஞான முனிவர் அவ்வுரையைத் திருத்தினார். சைவ மடங்களில் தமிழ் கற்பார்க்கு அது வாயிலாக விளங்கிற்று.

அந்நூல் மாணாக்கரை வகைப்படுத்துங்கால் அன்னமும் பசுவும் போல்வாரைத் தலையாகவும், மண்ணும் கிளியும் போல்வாரை இடையாகவும், ஓட்டைக்குடமும் ஆடும் எருமையும் பன்னாடையும் போல்வாரைக் கடையாகவும் வைத்தது. பன்னாடை நெய்யை ஒழுகவிட்டுக் கசடைப் பற்றி நிற்பது. கிளி சொன்னதையே சொல்வது. அதனைக் கடை என்று இகழாமையும், தலை என்று உயர்த்தாமையும் கருதுக. நீரையும் பாலையும் பிரித்துக்கொள்ளும் அன்னமும், மேய்ந்ததைப் பின்னர் ஓரிடத்திருந்து அசைபோடும் பசுவுமே தலையாயின. மனப்பாடத்திற்குச் சைவ மரபு அளித்த இடம் இதனாற் செவ்விதின் அறியப்படும்.

நூல் பயிலும் இயல்பை அந்நூல் கூறும் முறை இன்னும் நுட்பமுடையது. பாடத்தைப் போற்றலோடு நில்லாது, கேட்டவற்றை நினைத்தலும், ஆசிரியரை அடைந்து மீட்டும் கேட்டலும், ஒத்த மாணாக்கரோடு பயிறலும், அவரை வினாதலும், அவர் வினாயவற்றிற்கு விடை கூறலும் கடமைகளாக அங்கு விதிக்கப்பட்டன. ஒருமுறை கேட்டவன் இருமுறை கேட்பின் பிழை நீங்கும். மும்முறை கேட்பின் முறையறிந்து சொல்லவும் வல்லனாவான். இவற்றின்மேல் ஓர் அளவையும் வைத்தது. ஆசிரியர் உரைத்ததனை முழுதும் அமைவரக் கொண்டாலும் புலமையிற் காற்கூறே ஒருவனுக்கு எய்தும். உடன் பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு காற்கூறு எய்தும். எஞ்சிய அரைக்கூறு மாணாக்கர்க்கும் அவையோர்க்கும் தான் எடுத்து விரித்துரைத்தலாலேயே நிரம்பும். கேட்டலுக்குக் கால், சொல்லுதலுக்கு அரை எனப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுந்த நூல் கூறியது பெரிதும் வியக்கத்தக்கது.

திண்ணையும் எழும்பூரும்

இவ்விதி மடங்களில் மட்டுமன்றித் திண்ணைப் பள்ளிக்கூடங்களிலும் ஒருவாறு நடைபெற்றது. சிறுவர் மணலில் விரலால் எழுத்தைக் கீறி வாயாற் சொல்வர். கண்ணும் கையும் செவியும் நாவும் ஒருங்கே தொழிற்படும். ஒருவன் ஏடு பாராமல் சொல்ல மற்றையோர் தொடர்ந்து சொல்லும் வழக்கம் முறை வைத்தல் எனப்பட்டது. முதிர்ந்த மாணாக்கன் சட்டாம்பிள்ளையாக நின்று இளையார்க்குக் கற்பிப்பான். மாலையில் வீடு செல்லுங்கால் உபாத்தியாயர் ஒவ்வொரு சிறுவனுக்கும் ஒரு பூ, ஒரு விலங்கு, ஓர் ஊர் என்பவற்றின் பெயரைச் சொல்லி விடுப்பதும், மறுநாட் காலையில் அவன் அவற்றை மறவாது வந்து சொல்ல வேண்டியிருந்ததும் டாக்டர் உ. வே. சாமிநாதையர் (1855–1942) தம் வரலாற்றிற் குறித்துள்ளார். ஓர் இரவு இடையிட்டுக் கேட்டல் இதன்கண் உள்ள நுட்பம். கேட்டவுடன் திருப்பிச் சொல்லுதல் யார்க்கும் எளிது. உறங்கி எழுந்தபின் சொல்லுதலே நினைவிற்குச் சோதனை.

இம்முறை கடல் கடந்து சென்ற வரலாறும் உண்டு. ஸ்காத்லாந்து நாட்டுப் பாதிரியாராகிய ஆண்டுரு பெல் என்பார், சென்னை எழும்பூரில் 1789-ல் தொடங்கிய படைவீரர்தம் ஆண்மக்கட்குரிய ஆதரவற்றோர் பள்ளியை மேற்பார்த்தவர். இந்நாட்டுப் பள்ளியொன்றிற் சிறுவர் மணலில் எழுதிப் பயில்வதைக் கண்டு, அதனைத் தம் பள்ளியில் நடத்துமாறு ஆசிரியரை ஏவினர். அவர் இணங்காமையால், மாணாக்கருள் ஒரு சிறுவனைக்கொண்டே இளையார்க்குக் கற்பிப்பித்தனர். அது நன்கு பயன்றரவே, மாணாக்கரை மாணாக்கரே பயிற்றும் முறையைப் பள்ளி முழுவதிலும் பரப்பி, 1797-ல் இலண்டனில் அதனை நூலாக வெளியிட்டனர். இங்கிலாந்தில் அது சென்னை முறை என்னும் பெயராற் பரவிற்று. குறைந்த செலவிற் பலரைக் கற்பித்தலே அந்நாட்டார் அதனிற் பெரிதும் விரும்பிய பயன். கற்பிக்கும் சிறுவனே மிகுதியுங் கற்பான் என்னும் நன்னூற் கருத்து அதனுள் அடங்கிக் கிடந்தது.

திண்ணைப் பள்ளியின் குறைகளை மறைத்தல் நேர்மையாகாது. பிரம்படியும், கயிற்றிற் கட்டித் தொங்கவிடும் கோதண்டம் என்னும் தண்டனையும் அங்கு வழங்கின. பொருள் கூறாது செய்யுட்களையும் வாய்பாடுகளையும் ஆண்டுக் கணக்கில் உருவேற்றுவித்தலும் பலவிடத்து நிகழ்ந்தது. நன்னூல் விதித்த நினைத்தலும் வினாதலும் நீங்க, போற்றல் ஒன்றே எஞ்சியபோது கல்வி கிளியின் அளவில் நின்றது. மனப்பாடத்தை இக்காலத்தார் பழித்தற்கு இவ்வீழ்ச்சியே காரணமாயிற்று.

இம்மரபின் முழு வடிவத்தை மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் (1815–1876) வரலாற்றிற் காணலாம். தண்டியலங்காரத்தில் வல்ல பரதேசியொருவர் பிச்சைக்குச் செல்லுந் தெருவெல்லாம் உடன் சென்று அந்நூலைப் பாடங்கேட்டவர் அவர். பின்னர்த் திருவாவடுதுறை ஆதீன வித்துவானாக அமர்ந்து, நாடோறும் மாணாக்கர்க்குப் பாடஞ் சொல்லுதலையே வாழ்வாகக் கொண்டார். 1871-ல் அவரை அடைந்த சாமிநாதையர், 1876-ல் ஆசிரியர் மறைந்தபின் அம்மடத்திலேயே சுப்பிரமணிய தேசிகரிடம் பாடங்கேட்டுக்கொண்டே இளைய மாணாக்கர்க்குப் பாடஞ் சொல்லியும் வந்தார். கேட்பாரும் சொல்வாரும் ஒருவரேயாக நின்ற அவ்வாண்டுகளில் நன்னூல் கூறிய காலும் அரையும் ஒருங்கே நிரம்பின.

மேலைநாட்டார் ஆய்வு

நினைவை அளவிட்டு ஆராய்தல் மேலைநாட்டில் 1885-ல் தொடங்கிற்று. செருமானிய அறிஞர் எர்மன் எபிங்ஹவுஸ் என்பார் பொருளற்ற அசைகளைத் தொடுத்துத் தாமே உருவேற்றி, எத்துணைக் காலத்தில் எத்துணை மறந்தது என்று கணக்கிட்டார். ஒரு மணி கழிந்தபின் முதலிற் செய்த உழைப்பிற் பாதிக்கு மேற்பட்டது பயனற்றுப் போயிற்று. ஒருநாள் கழிந்தபின் மூன்றில் இருகூறும், ஒரு திங்கள் கழிந்தபின் ஐந்தில் ஏறத்தாழ நாற்கூறும் போயின. எனவே மறதி முதலில் விரைந்தும் பின்னர் மெல்லவும் செல்வது. பொருளும் யாப்பும் உடைய பாட்டை உருவேற்ற, அத்தகைய அசைகளுக்கு வேண்டிய உழைப்பிற் பத்தில் ஒரு கூறே அவர்க்குப் போதியதாயிற்று. நம் முன்னோர் சாத்திரத்தையும் செய்யுளில் அமைத்ததன் காரணம் இதனால் விளங்கும். இன்னும், ஒரே நாளில் 68 முறை ஓதியதனால் எய்திய பயன், மூன்று நாட்களிற் பகிர்ந்து 38 முறை ஓதியதனாலேயே எய்திற்று. ஓராண்டுப் பாடத்தைத் தேர்விற்கு முன்னிரவில் ஓதி முடிக்க முயல்வார்க்கு இக்கணக்கு ஒரு படிப்பினை.

1917-ல் ஆர்தர் கேட்ஸ் என்னும் அமெரிக்கர் பள்ளிச் சிறுவரை ஆராய்ந்து, நூலை நோக்கியே படித்தாரினும், படிக்குங் காலத்திற் பெரும்பகுதியை நூலை மூடித் தாமே சொல்லிப் பார்த்தலிற் செலவிட்டார் மிகுதியும் நினைவில் வைத்தனர் என்று கண்டார். 2006-ல் ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வு இதனினும் தெளிவானது. ஓர் உரைப்பகுதியை ஒரு குழுவினர் நான்குமுறை படித்தனர். மற்றொரு குழுவினர் ஒருமுறை படித்துவிட்டு மும்முறை பாராது நினைந்தெழுதினர். ஐந்து நிமிடங் கழித்துச் சோதித்தபோது, நான்குமுறை படித்தார் நூற்றுக்கு 83 பங்கும், நினைந்தெழுதினார் 71 பங்கும் கூறினர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோதோ, படித்தார்பால் 40 பங்கும், நினைந்தெழுதினார்பால் 61 பங்கும் நின்றன. மீண்டும் மீண்டும் படித்தவரே தமக்கு நன்கு நினைவிருக்கும் என்று மிகுதியும் நம்பியிருந்தனர் என்பது இவ்வாய்வின் மற்றொரு முடிபு. படிக்குந்தோறும் எழுத்துக் கண்ணுக்குப் பழகிவிடுதலின், பழகியதனை அறிந்ததாக மனம் மயங்குகின்றது. மயக்கம் நீங்குதற்கு ஏட்டை மூடுதலே வழி.

அச்சு வந்தபின்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சு பரவவே, நூலைக் காத்தற்கு நாவு வேண்டாததாயிற்று. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822–1879) வண்ணார்பண்ணையில் 1848-ல் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்து, படிப்படியாகப் பயிலுமாறு பாலபாடங்களை அச்சிட்டனர். அச்சின் வசதியை மேற்கொண்ட அவரே, பழைய முறையின் உயிரை விட்டிலர் என்பதற்கு அவர்தம் சைவ வினாவிடை சான்றாகும். ஒவ்வொரு பொருளும் வினாவாக எழுந்து விடையை வேண்டி நிற்கும் அந்நூலில், வினாதலும் விடுத்தலும் அச்சேறின.

அவர்க்குப்பின் வந்தார் பலரிடத்து இவ்வுயிர் குன்றியது. நூல் பேழையிற் பத்திரமாக இருத்தலின், நெஞ்சில் இருக்க வேண்டுவதில்லை என்னும் எண்ணம் எழுந்தது. இக்காலத்து எந்நூலையும் நொடியில் எடுத்துக் காட்டும் கருவிகள் கைக்கு எட்டவே, அவ்வெண்ணம் இன்னும் வலுப்பெற்றது. பதிகத்தை ஏடு நோக்கி வாசிப்பார்க்கு அவ்வேடு கையில் இருக்கும் அளவுமே பதிகம் உண்டு. சூத்திரத்தை நெஞ்சில் உடையார்க்கோ, வழி நடக்கும்போதும் உறக்கம் வாராத இரவிலும் அது தானே எழுந்து ஒரு புதுப்பொருளைக் காட்டும். சிந்தித்தற்குரிய பொருள் உள்ளே இல்லாவிடிற் சிந்தித்தல் எங்ஙனம் நிகழும்? பசு மேயாமல் அசைபோடுதல் இல்லை.

ஆகலின் சிவஞானபோதம் கற்கப் புகுவான் ஒருவன் இவ்வாறு செய்தல் முறையாகும். ஒரு சூத்திரத்தை ஆசிரியர்பாற் கேட்டு, சொல்லும் பொருளும் பிரித்தறிந்தபின், ஏட்டை மூடிச் சொல்லிப் பார்த்தல் வேண்டும். மறுநாளும், மூன்றாநாளும், ஒரு வாரங் கழிந்தும் அவ்வாறே சொல்லிப் பார்த்தல் வேண்டும். தவறியவிடத்தில் ஏட்டைத் திறந்து திருத்துதல் வேண்டும். அத்தவறே கற்றலுக்கு இடமாகலின் அதற்கு நாணுதல் வேண்டா. ஒத்தாரோடு வினாவி விடுத்து, இளையான் ஒருவனுக்கு அதனை எடுத்துரைத்தல் வேண்டும். எடுத்துரைக்க இயலாதவிடம் யாது, அதுவே தான் இன்னும் அறியாதவிடம். பன்னிரு சூத்திரங்களுக்குப் பன்னிரு திங்கள் செல்லினும் அது நெடிதன்று.

கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடல் என ஞானநெறியைச் சித்தியார் நான்காக வகுத்தமை இவ்விடத்து நினைக்கத்தக்கது. நினைவில் நிறுத்துதல் கேட்டலுக்கும் சிந்தித்தலுக்கும் இடையே உள்ள பாலம். பாலத்திலேயே வீடு கட்டி வாழ்வாரும், பாலமின்றி ஆற்றைக் கடக்க முயல்வாரும் அக்கரை சேரார். காரைக்காலம்மையார் இறைவன்பால் வேண்டிய வரங்களுள், மீண்டும் பிறவி உளதாயின் அவனை என்றும் மறவாமை வேண்டும் என்பதும் ஒன்று. மறவாமையை வரமாக வேண்டிய மரபில் வந்தோர்க்கு, பாடத்தை மறவாது பேணுதலும் அவ்வரத்திற்கு ஒரு பயிற்சியேயாம்.